காட்டாங்கொளத்தூர் வாசகர்

என் தம்பியின் பெயரைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்கு நானே வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தம்பி மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறான். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் ஏன் வரவில்லை என்று மூன்று மொழிகளில் சமாதானம் சொல்வது. மீதி நேரத்தில் அதே மேஜையில் உட்கார்ந்து காமிக்ஸ் மொழிபெயர்ப்பான். ஊர் சுற்ற வந்தவர்களிடம் பேசிப் பேசிக் கற்ற ஆங்கிலம் அவனுடையது. எட்டு வருடமாக அங்கே நான்கு பக்கம், இங்கே ஆறு பக்கம் என்று துக்கடா வேலைகள்தான் கிடைத்தன. போன வருடம்தான் ஒரு முழுத் தொகுப்பு கைக்கு வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், ஒரே சூப்பர் ஹீரோவின் ஆறு கதைகள். தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கும் பதிப்பாளர் அதை வெளியிட்டார். முதல் பக்கத்தில் தம்பியின் பெயர். கீழே, எங்கள் ஊர், செங்கல்பட்டு.

அந்த ஹீரோ எனக்கும் பிடித்தவன்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒரு விபத்துக்குப் பிறகு, விழுகிற எதையும் தாங்கும் பலம் அவனுக்கு வந்துவிடுகிறது. தாங்க மட்டும்தான் தெரியும். பறக்கத் தெரியாது, யாரையும் அடித்து வீழ்த்தத் தெரியாது. ஊரின் அந்தப் பக்கம் ஆபத்து என்றால் பஸ் பிடித்துத்தான் போவான். அத்தா உயிரோடு இருந்திருந்தால், இதுக்கு எதுக்குடா முகமூடி என்று கேட்டிருப்பார்.

நான்காவது கதையில் ஒரு பாலம் இடிந்து விழுகிறது. கீழே ஒரு சிறுமி. அவன் முதுகைக் கொடுத்துப் பாலத்தைத் தாங்கிக்கொண்டு அவளிடம் ஏதோ சொல்கிறான். அந்த ஒரு கட்டத்துக்குத் தம்பி பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டான். படத்தையெல்லாம் பாலமே அடைத்துக்கொண்டது. பேச்சு எழுதும் பலூன் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தமிழில் எதை எழுதினாலும் அதற்குள் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மேஜை முழுக்கக் கிழித்துப் போட்ட துண்டுக் காகிதங்கள்.

"'பயப்படாதே, நான் இருக்கிறேன்'னு போடேன்டா," என்றேன்.

"'இருக்கிறேன்' ரெண்டா ஒடையுதுக்கா. 'இருக்கி' மேல, 'றேன்' கீழ. பாலம் விழறதுக்கு முன்ன வார்த்த வுழுந்துடுது. எழுத்த சின்னதாக்குனா முணுமுணுக்கிற மாதிரி கீது. கொஞ்சம் தூக்கலா 'யாமிருக்க'ன்னு எழுதுனா முருகன் காலண்டர் ஆயிடுது."

கடைசியில் அவன் எழுதியது இரண்டே சொற்கள். 'நான் கீறேன்.'

பலூனுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. 'இருக்கிறேன்' என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கரண்ட் போனால் பக்கத்து அறையிலிருந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் தோளைத் தொட்டு, 'நான் கீறேன்.' துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் வேறு எப்படிப் பேசுவான்? இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தேன். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தம்பியை அளவுக்கு மேல் புகழ்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

புத்தகம் வந்ததும் பதிப்பாளர் தன் இணையப் பக்கத்தில் வாசகர் கருத்துக்கென்று ஒரு இடம் திறந்தார். பெயர், ஊர், கருத்து, அவ்வளவுதான் கேட்டார். 'இரண்டாம் தொகுப்பு வருமா, யார் மொழிபெயர்ப்பில் வரும் என்பதெல்லாம் உங்கள் கையில்' என்றும் எழுதிவிட்டார். அந்த வரியை நான் அப்போது சரியாகப் படித்திருக்கலாம்.

காமிக்ஸ் வாசகர்களை எனக்கு அதற்குமுன் தெரியாது. தாளின் கனத்தை விரலால் அளப்பவர்கள் இருந்தார்கள். முதுகுத் தையலை லென்ஸ் வைத்துப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். எதற்கும் 'அருமை' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போகும் ஒருவர் இருந்தார். முதல் இரண்டு நாள் எல்லாம் தாளையும் வண்ணத்தையும் பற்றித்தான். மூன்றாம் நாள் யாரோ நான்காவது கதைக்கு வந்து சேர்ந்தார்.

'பாலத்தைத் தாங்கியபடி, கீழே கிடக்கும் குழந்தையிடம் நான் கீறேன் என்கிறானே, எதைக் கீறுகிறான்? கையில் கத்தி எதையும் காணோமே?'

வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகவே புரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெற்கே, மேற்கே இருப்பவர்களுக்குக் 'கீறேன்' என்றால் வேறென்ன தோன்றும்? அன்று சாயங்காலத்துக்குள் பக்கம் முழுக்க அதே பேச்சு. 'என் மகன் கேட்கிறான், அங்கிள் ஏன் பாப்பாவைக் கீறப் பார்க்கிறார்?' 'சூப்பர் ஹீரோவா, பேட்டை ரவுடியா?' 'இப்படித் தமிழைக் கொல்வதற்குப் பாலத்தை அவன் கீழே போட்டிருக்கலாம்.' ஒருவர் அந்தக் கட்டத்தை எடுத்து ஹீரோவின் கையில் பிளேடு வரைந்து போட்டார். 'அருமை' ஆள் அதற்குக் கீழேயும் வந்து 'அருமை' என்றார்.

தம்பி எல்லாவற்றையும் படித்தான். படிக்காதே என்றால் கேட்கிறவனா? அடுத்த ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் நான் போய் இறங்கியபோது மேஜையில் நாஸ்தா பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த புத்தகம். அடுத்ததும் கிடைத்தால் லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாம் என்று அதற்கு முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தான்.

"அவுங்க சொல்றதும் கரெக்ட்தானக்கா. நம்ம பேசறது நம்மளுக்குத்தான் புரியும். புக்கு எல்லாருக்கும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதிரில் ஆள் இல்லாத கோபம். திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரரிடம் ஜன்னலுக்காகச் சண்டை போட்டேன்.

எனக்குத் தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் வேலை. தினமும் சாயங்காலம் மின்சார ரயிலில் செங்கல்பட்டு திரும்புவேன். வண்டலூர் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அந்தத் திங்கட்கிழமை இடம் கிடைத்து உட்கார்ந்ததும் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெயரை யோசித்துப் போட்டேன். கருத்து என்ற இடத்தில், துறைமுகத் தொழிலாளி துறைமுகத்துப் பேச்சைப் பேசுவதுதான் நியாயம் என்று ஆறு வரி எழுதினேன். நன்றாகவே வந்தது. ஊர்? தலையைத் தூக்கினேன். வண்டி நின்றிருந்தது. ஊரப்பாக்கம் என்று போட்டேன்.

மறுநாள் இன்னொரு பெயர், இன்னொரு நடை. ஒரு தமிழாசிரியை வட்டார வழக்கின் பெருமையைப் பற்றி எழுதினார். கூடுவாஞ்சேரி. அதற்கடுத்த நாள் கல்லூரி மாணவன், கொஞ்சம் எழுத்துப் பிழைகளோடு. பொத்தேரி. அதற்கடுத்தது காட்டாங்கொளத்தூர். ஆனால் அதைக் கொளத்தூர் என்று எழுதுவதா, குளத்தூர் என்று எழுதுவதா என்று எனக்கு எப்போதும் குழப்பம். எழுத்துப் பிழை பிடிப்பதற்கென்றே பிறந்தவர்கள் அங்கே இருந்ததால் அதை விட்டுவிட்டேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர். சிங்கப்பெருமாள் கோவிலில், பேரனுக்கு வாங்கித் தானே படித்துவிட்ட ஓய்வுபெற்றவர். பரனூரில் ஒரு நர்ஸ். நம்பும்படி இருக்க வேண்டுமே என்று அவளை மட்டும் தாள் சரியில்லை என்று குறை சொல்ல வைத்தேன். கடைசியாக, எல்லாம் ஒரே பக்கத்து ஊராக இருக்கிறதே என்று மூளையைக் கசக்கி, தொலைவில் ஒரு ஊரைப் போட்டேன். அச்சரப்பாக்கம். அதுவும் அதே தண்டவாளத்தில் இன்னும் தெற்கே இருக்கிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பெயர்களுக்கு எவ்வளவு யோசித்தேன் தெரியுமா? மதம், வயது, காலத்துக்கேற்ற பெயர், எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஊரைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. இருபது வருடமாக ஒரே ரயிலில் போகிறவளுக்கு உலகம் என்றாலே அந்த ஸ்டேஷன்கள்தான்.

அடுத்த வாரம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தம்பியிடமிருந்து போன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, பதிப்பாளரு பேசுனாரு. நெறைய பேரு ஆதரவா எழுதிகினு கீறாங்களாம். இரு, படிக்கறேன் கேளு. ஊரப்பாக்கத்துல ஒருத்தரு இன்னா எழுதிகீறாரு பாரேன்."

நான் எழுதிய ஆறு வரியை எனக்கே படித்துக் காட்டினான். ஒவ்வொரு சொல்லையும் ருசித்துப் படித்தான். கூடுவாஞ்சேரி ஆசிரியை எழுதியதைப் படிக்கும்போது நடுவில் நிறுத்திக் குரலைச் சரிசெய்துகொண்டான். "இவங்களுக்கு எப்டிக்கா தெரிஞ்சுது, நான் இத்ததான் நெனச்சேன்னு?" என்று கேட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, படிச்சவங்கடா, தெரியாதா என்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனை வந்திருக்காது. ஆனால் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பதிப்பாளர் சொல்வதற்கு முன்பாகவே இரண்டாம் தொகுப்பை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டான். நாற்பது பக்கம் முடித்தான்.

அந்த மாதக் கடைசியில் பதிப்பாளர் ஆதரவுக் கருத்துகளை எல்லாம் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டார். எட்டு இருந்தன. நான் எழுதியவை ஏழு. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். காட்டாங்கொளத்தூர் என்று ஒன்று இருந்தது.

'நானு கம்பெனில கிரேன் ஓட்றேன். மேல தனியா உக்காந்துகினு இருப்பேன். இந்த புக்குல அந்தாளு பாலத்த தூக்கிகினு நான் கீறேன்னு சொல்ற எடத்துல புக்க மூடி வெச்சிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி தொறந்து பாத்தேன். அப்பவும் தூக்கிகினுதான் இருந்தாரு. எங்க வூட்டு ஆளு மாரி பேசறாரு. அடுத்த புக்கு எப்போ.'

இதை யார் எழுதியது? எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தம்பியே எழுதிவிட்டான் என்று நினைத்தேன். என்னை மாதிரியே அவனும் பொறுக்க முடியாமல் செய்திருக்கிறான், அதிலும் என்னைவிட மோசமாகச் செய்திருக்கிறான், இப்படியா அப்பட்டமாக எழுதுவது என்று திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள்தான். ஒரு வாசகர் எட்டு ஊர்களையும் வரிசைப்படுத்திப் போட்டார். 'அடுத்த நிலையம் ஊரப்பாக்கம். அடுத்த நிலையம் கூடுவாஞ்சேரி. அடுத்த நிலையம் பொத்தேரி. அடுத்த நிலையம் காட்டாங்கொளத்தூர்.' அப்படியே பரனூர் வரை. 'செங்கல்பட்டில் மட்டும் வாசகரே இல்லை. ஏனென்றால் எழுதுகிறவர் அங்கே இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் ஊரைப் பார்க்கவும்.' அச்சரப்பாக்கத்தைப் பற்றி, அது மட்டும் எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருந்தார்.

படித்தபோது நானே சிரித்துவிட்டேன். என்ன செய்வது, அவ்வளவு நன்றாக இருந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அந்த வரிசையை மறுபடி படித்தேன். ஒரு ஸ்டேஷனை நான் விட்டிருந்தேன். நடுவில் அந்த ஓட்டை இருந்திருந்தால் ஒருவேளை யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதையும் அந்த எட்டாவது கருத்து வந்து அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு பக்கத்தில் எழுதியவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. பதிப்பாளர் மரியாதையான மனிதர். தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த தொகுப்பை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறாராம். மறுபதிப்பில் அந்தக் கட்டத்தை மாற்றிவிடுவாராம். தம்பி, சார், அத நான் எழுதல என்றானாம். பரவாயில்லை தம்பி, எல்லாரும் செய்கிறதுதான் என்றாராம் அவர்.

நான் அன்றே அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். மத்தியான வெயிலில் லாட்ஜில் யாரும் இல்லை. மேஜைக்கு எதிரில், அறை கேட்டு வந்தவள் போல நின்றுகொண்டே சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஊரப்பாக்கம் நீயா?"

"ஆமாடா."

"அந்த டீச்சரு?"

"நான்தான்."

ஒவ்வொரு ஊராகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். ஏழு பேரும் அந்த மேஜை முன்னால் ஒவ்வொருவராகச் செத்தார்கள்.

"காட்டாங்கொளத்தூரு?"

"அது நான் இல்ல. நீ எழுதுனேன்னு நெனச்சேன்."

"நானா?"

அவன் முகத்தைப் பார்த்ததுமே அது அவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. "டேய், அப்போ அது நெஜண்டா. நெஜமாவே ஒருத்தன் கீறான்டா," என்றேன்.

அவன் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு, குழந்தைகளிடம் சிரிப்பது போல. "வுடுக்கா. எனக்குன்னு ஒன்னாவது இருக்கட்டும்னு சொல்ற. பரவால்ல, வுடு."

அல்லா மேல் ஆணையாகச் சொன்னேன். தலையில் அடித்துச் சொன்னேன். ஏழு பொய்யை ஒப்புக்கொண்ட வாயால் எட்டாவதை உண்மை என்றால் யார் நம்புவார்கள்? அந்த நாற்பது பக்கங்களையும் அவன் பழைய ரெஜிஸ்டர்களோடு கட்டிப் போட்டிருந்தான். சாவி கேட்டு யாரோ வந்தார்கள். நான் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை காட்டாங்கொளத்தூரில் இறங்கிப் பார்த்தேன். கருத்துக்கு மேல் பெயர் இருந்தது, ஆயிரம் பேருக்கு இருக்கிற பெயர். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கிரேன் ஓட்டும் ஆள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். எந்தக் கம்பெனி என்றார்கள். தெரியாது என்றேன். என்ன விஷயம் என்றார்கள். ஒரு புத்தகம் விஷயமாக என்றேன். கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். பதிப்பாளருக்கு எழுதினேன். எழுதியது நான், என் தம்பி இல்லை என்று என் சொந்தப் பெயரில், சொந்த ஊர் போட்டு எழுதினேன். பதில் இல்லை. செங்கல்பட்டு என்று பார்த்ததுமே என்ன நினைத்திருப்பார் என்று எனக்கே தெரிகிறது.

இரண்டாம் தொகுப்பு இந்த வருடம் வந்துவிட்டது. வாங்கினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமான தமிழ். மூட்டை தூக்குகிறவன் வானொலிச் செய்தி வாசிக்கிறவர் போலப் பேசுகிறான். பலூனில் அடங்காத இடங்களில் எழுத்தைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். வாசகர்களுக்கு நிரம்பத் திருப்தி. 'அருமை' ஆளும் வந்திருந்தார்.

நேற்று சாயங்காலம் ரயிலில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே, கடைசியாக, காட்டாங்கொளத்தூர். அதே பெயர்.

'இந்த புக்குல அவரு வேற மாரி பேசறாரு. பழய மாரி இல்ல. எனக்கு மட்டும்தான் அப்டி தோணுதா. வேற யாராச்சும் கீறீங்களா.'

அதற்குக் கீழே ஒருவர், 'வந்துட்டாருய்யா, செங்கல்பட்டு லோக்கல்' என்று எழுதியிருந்தார். இன்னும் சிலர் சிரித்திருந்தார்கள்.

அதைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். வண்டி சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது பதில் வந்தது. 'போதும்க்கா. நிறுத்திக்க.'

நான் திரும்பவும் பக்கத்துக்குப் போனேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ஊர் என்ற இடத்தில் செங்கல்பட்டு என்று எழுதினேன். கருத்து என்ற இடத்தில் நான் எழுத வேண்டியது இரண்டே சொற்கள். நான் எழுதினால் அந்த ஆளையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடுவார்கள். அழித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன். இன்று காலையில் பார்த்தேன். அவருக்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.